எட்டாம் பாட்டும் கழுத்து மருவும்

ஐம்பது ஆண்டுகளாக நான் பாடிவரும் பதிகங்களில் பாதிக்கு மேல் இந்த உடம்பை இழித்துப் பேசுபவை. இது தோல் போர்த்த கூடை, இன்றோ நாளையோ சரியப்போகும் வீடு, இதன்மேல் பற்று வைக்காதே என்று நெஞ்சுக்கு எடுத்துச் சொல்பவை. அவற்றைக் கண்ணீர் மல்கப் பாடியிருக்கிறேன். கேட்டவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான், அதே உடம்பில் கொண்டைக்கடலை அளவே இருந்த ஒரு துணுக்கைக் கொடுக்க மனமில்லாமல் மூன்று மாதம் இழுத்தடித்தேன். இறைவன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டவர் ஒரு டாக்டர்.

அந்த மரு என் கழுத்தின் இடப்பக்கத்தில், காதுக்கு நான்கு விரற்கடை கீழே, ஒரு சிறு காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கடுகளவிலும் மிளகளவிலும் இன்னும் ஏழு, பரிவார தெய்வங்கள்போல அமர்ந்திருந்தன. மூலவர் எப்போது எழுந்தருளினார் என்பது எனக்குத் தெரியாது. மாவட்ட நில அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஆண்டில் சவரக் கண்ணாடியில் முதன்முதலாகப் பார்த்ததாக நினைவு. யாருக்கும் தொல்லை தரவில்லை. நானும் அதற்குத் தொல்லை தரவில்லை. தீட்சை பெற்ற நாள்முதல் நான் கழற்றாத உருத்திராக்க மாலை மட்டும் அதன்மேல் உரசிக்கொண்டே இருந்தது.

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, துவைக்கப் போட்ட என் வெள்ளைச் சட்டையோடு என் மனைவி கூடத்துக்கு வந்தார்.

"என்னாங்க, காலர்ல என்னா இது?"

"குங்குமமாக இருக்கும்."

"கோயிலுக்கு நீங்க போயி நாலு நாளாச்சு. குங்குமம் கழுத்துக்குப் பின்னாலயா வப்பாங்க? திரும்புங்க பார்ப்போம்."

திரும்பினேன். அன்று மாலையே ஆயர் குரோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். விளக்கைக் கழுத்தருகே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார்.

"அங்கிள், இந்தச் சின்னச் சின்னதெல்லாம் ஒண்ணும் செய்யாது. இருந்தா இருக்கட்டும். வேணான்னா எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். இந்தப் பெருசு அப்படி இல்ல. உரசி உரசி ரத்தம் வருது, அடியில வேற கறுத்துப் போயிருக்கு. எடுத்து லேப்புக்கு அனுப்பிப் பார்த்துடலாம்."

"பயப்படுற மாதிரியாம்மா?" என்று என் மனைவி கேட்டார்.

"அப்படித் தெரியல ஆண்ட்டி. ஆனா எடுத்துப் பார்க்காம நான் எப்படிச் சொல்றது? சின்ன வேலதான். மரத்துப் போக ஒரு ஊசி, ரெண்டு தையல், அரை மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடலாம். என்னைக்கு வர்றீங்க?"

என்றைக்கு என்பதில்தான் எல்லாம் இருந்தது. தை மாதக் கடைசியில் எனக்கு எழுபது வயது நிறைகிறது. ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் சிவன் கோயிலில் பீமரத சாந்தி செய்து, நாங்கள் மறுபடியும் மாலை மாற்றிக்கொள்வது என்று மண்டபம், சமையல், மேளம் எல்லாம் பேசியாகிவிட்டது. அன்று சந்நிதியில் ஒரு பதிகத்தின் பதினொரு பாட்டும் நானே பாடுவதாக வேண்டுதல். இதைச் சொன்னதும் டாக்டர், "மாலை போடணும்னா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க, அங்கிள். புண்ணு ஆறணும்ல. இங்க மைனர் சர்ஜரி செவ்வாய்க்கிழமை மட்டுந்தான்" என்றார்.

"செவ்வாய்க்கிழமையா?" என்றேன். செவ்வாயில் நாங்கள் நகம்கூட வெட்டுவதில்லை.

செவ்வாய் ஒரு சாக்கு என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உண்மைக் காரணத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் பதிகங்களைப் புத்தகம் பார்த்துப் பாடுகிறவன் அல்லன். முப்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கோயிலில் கண்களை மூடி, கைகளைக் கூப்பிப் பாடுகிறேன். ஆனால் நான்கைந்து ஆண்டுகளாகச் சில இடங்களில் அடுத்த அடி வரத் தாமதமாகிறது. அப்போதெல்லாம் என் இடக்கை தானாகவே கூப்பிய நிலையைவிட்டுக் கழுத்துக்குப் போகும். இரண்டு விரல்களால் அந்த மருவை மெல்ல உருட்டுவேன். அடி வந்துவிடும். ஒருமுறை இருமுறை அல்ல, எத்தனையோ முறை. இப்படி ஒன்றை நம்பியிருக்கிறேன் என்று தீட்சை பெற்ற ஒருவன் வெளியில் சொல்ல முடியாது. ஆனால் அதை அறுத்தெடுத்துவிட்டால் என் பாட்டுகளும் அதனோடு போய்விடும் என்று நான் உள்ளூர அஞ்சினேன். எழுபது வயதில் பாட்டு போனால் எனக்கு மிஞ்சுவது என்ன? ஓய்வூதியமும் மூட்டுவலியும்தான்.

ஆகவே பஞ்சாங்கத்தைத் திறந்தேன்.

ஐப்பசியின் முதல் செவ்வாயில் எனக்குச் சந்திராட்டமம். அடுத்தது தீபாவளிக்கு முந்தைய நாள், இரத்தம் சிந்தலாமா? அதற்கடுத்தது சஷ்டி விரதத்துக்குள் வந்தது. கார்த்திகையில் ஒரு செவ்வாய் அமாவாசை, ஒன்று பிரதோஷம், ஒன்று என் தந்தையாரின் திதி. மீதியிருந்த ஒன்றில் பஞ்சாங்கம் எனக்கு முற்றிலும் சாதகமாக இருந்தது. அன்று எனக்குத் தடுமன் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் கிளினிக்குக்கு நானே தொலைபேசியில் அழைத்து நாளை மாற்றினேன். எடுத்துப் பேசும் மலாய்த் தாதி ஐந்தாம் முறைக்குப் பிறகு என் பெயரைக் கேட்பதையே விட்டுவிட்டார். "ஆ, பாக்சிக் கலெண்டர்!" என்று சிரித்தார். நாட்காட்டிப் பெரியவர் என்று பொருள்.

மார்கழி பிறந்தது. இனி ஒரு மாதத்துக்குப் பேச்சே இல்லை என்று நிம்மதியாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மார்கழியில சுபகாரியம் செய்யக் கூடாது" என்றேன்.

"மரு எடுக்கிறது சுபகாரியமா?" என்றார் மனைவி.

சற்று யோசித்தேன். "இல்லை."

"அப்புறம் என்னா?"

"சுபமில்லாத காரியத்தை இப்படிப்பட்ட புனிதமான மாதத்தில் செய்யலாமா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மனுக்களைத் திருப்பி அனுப்பியவனுக்கு ஒரு மனைவியின் மனுவைத் திருப்பி அனுப்புவதா கடினம்? ஆனால் அவர் பார்வையில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. இரத்தம் பட்ட காலரை அவர் மறக்கவில்லை. என் தலையணை உறைகளை நாள்தோறும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தேன்.

இந்நிலையில் என்னைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் கோயிலில் தாளம் போடும் நண்பர். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர்; மஸ்ஜித் தானாவிலிருந்து வெள்ளிதோறும் கார் ஓட்டிக்கொண்டு வருவார். அப்படி ஒரு வெள்ளியன்று வழியில் எங்கள் வீட்டில் தேநீர் குடிக்க இறங்கினார். மருவைப் பற்றி மனைவி சொன்னதும் உற்சாகமாகிவிட்டார்.

"இதுக்குப் போயி ஆப்பரேசனா? எனக்கு அக்குள்ள ஒண்ணு இருந்துச்சி அக்கா. உம்பாய்ல மீன் பிடிக்கிறவன்கிட்ட தூண்டில் நரம்பு ஒரு முழம் வாங்கி இறுக்கிக் கட்டுனேன். மூணாம் நாளு தானா விழுந்துருச்சி லா!"

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, சீழ் பிடிச்சி ஒரு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தேன். ஆனா மரு போயிருச்சி. அது முக்கியம்." ஒரு வாய் தேநீரைக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா அண்ணே, நீங்க எடுக்காதீங்க. பாட்டுக்கு என்னா பண்ணுவீங்க?"

"பாட்டுக்கு என்ன?" என்றேன், குரலை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அட, உங்களுக்கு அதுதானே சுவிட்சு! நான் பக்கத்துல உக்காந்து எத்தன வருசமா பார்க்கிறேன். பாட்டு நிக்கும், கை கழுத்துக்குப் போவும், ஒரு திருகு, மறுபடியும் பாட்டு ஓடும். நானும் அதப் பார்த்துத்தான் தாளத்த நிறுத்துறதும் எடுக்கிறதும். அது இல்லன்னா நான் எங்கே தட்டுறது?"

என் மனைவி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். நண்பர் போன பிறகு ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"உருவுங்க. உருவிக்கிட்டே பாடுங்க."

"எதை?"

"சாந்தி அன்னைக்குப் பாடப்போற பதிகத்த. ரெண்டு கையும் கீரையில இருக்கட்டும்."

ஏழு பாட்டுகள் தடையின்றி வந்தன. எட்டாம் பாட்டு, மலையைப் பெயர்த்த அரக்கனை இறைவன் கால் விரலால் அழுத்துகிற பாட்டு. இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடி வரவில்லை. கீரைக் காம்பைத் திருகிப் பார்த்தேன், கீரைதான் உதிர்ந்தது. இடக்கை மெல்ல மேலெழுந்தது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன், கை பாதி வழியில் நின்றது.

"இதுக்குத்தான் மூணு மாசமா செவ்வாய்க்கிழமை மேல பழி போட்டீங்களா?" என்றார். குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் நான் நாள் குறிக்கவில்லை. சாந்தி முடிந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன், பாட்டு அன்று எனக்கு வேண்டும் என்றேன். "மாலை உரசுமே" என்றார். "மெல்லிய மாலையாக வாங்கிக்கொள்ளலாம்" என்றேன். இப்படியாக மார்கழித் திருவாதிரை வந்தது.

அன்று அதிகாலை அபிடேகம் முடிந்து, பாடியவர்களுக்குச் சுவாமிக்குச் சாத்திய மாலையை அணிவிப்பது வழக்கம். குருக்கள் நல்ல கனத்த செவ்வந்தி மாலை ஒன்றை எடுத்து என் கழுத்தில் போட்டார். நான் நெகிழ்ந்து, குனிந்து, நிமிர்ந்தேன். நாரின் முடிச்சு எங்கே மாட்டியது என்பது அப்போது தெரியவில்லை. கழுத்தில் இளஞ்சூடாக ஏதோ வழிந்தது. திருநீறு கரைந்து வழிகிறது என்று எண்ணிக்கொண்டு அடுத்த பதிகத்தை எடுத்தேன். தாளம் போட்ட நண்பர் தாளத்தை நிறுத்திவிட்டார்.

"தட்டுங்கள்" என்றேன்.

"அண்ணே, சுவிட்சு ஒழுகுது லா!"

குருக்கள் என் வேட்டியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அங்கே மூன்று சிவப்புச் சொட்டுகள். சந்நிதி முன்னால் இரத்தம் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகம விதிகளைப் பற்றி அந்த மண்டபத்திலேயே பலமுறை பேசியவன் நான்தான். திரை போட்டார்கள். தரையைக் கழுவினார்கள். புண்ணியாகவசனம் செய்தார்கள். ஆடல்வல்லான் அரை மணி நேரம் காத்திருந்தார். நான் கொடிமரத்துக்கு அப்பால், கார் நிறுத்துமிடத்தில், கழுத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்றேன். வெளியே வந்த குருக்கள் என் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "ஐயா, சாந்தி அன்னைக்கு உங்களுக்கு மூணு மாலை இருக்கு" என்றார்.

காரில் ஏறியதும் மனைவியிடம், "நாளைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன்.

"செவ்வாய்" என்றார். பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அழைத்து, காலை ஒன்பதரைக்கு நாள் வாங்கிவிட்டார். மறுமுனையில் தாதி சிரித்தது எனக்கே கேட்டது.

மறுநாள் உருத்திராக்கத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி மனைவி கையில் கொடுத்தேன். ஒரு திரைக்கு அப்பால் அவருக்கு நாற்காலி போட்டார்கள். என்னை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மார்பிலிருந்து கழுத்துவரை பச்சைத் துணியால் மூடினார்கள். கைகள் இரண்டும் துணிக்கு அடியில். ஊசி குத்தியபோது என் உடம்பு அடைந்த பதற்றத்தைப் பார்த்தால், நிலையாமை பற்றி நான் பாடியதெல்லாம் வேறு யாருடைய உடம்பையோ பற்றியது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

"அங்கிள், நீங்க கோயில்ல பாடுவீங்களாமே? பாடுங்களேன். ஆடாம இருப்பீங்க" என்றார் டாக்டர்.

நான் பாடினேன். பக்தியால் என்று சொல்ல மாட்டேன், அச்சத்தால். அச்சத்தில் பாட்டு நன்றாகவே வந்தது. முதல் பாட்டில் கழுத்து மரத்தது. நான்காம் பாட்டில் ஏதோ ஒன்று இழுபட்டது, வலியில்லாமல். எட்டாம் பாட்டுக்கு வந்தேன். ஒன்று, இரண்டு அடி. மூன்றாவது இல்லை.

இடக்கை துணிக்கு அடியில் கிளம்பியது. தாதி தம் முழங்கையால் அதை அழுத்தினார். "பாக்சிக், ஜாங்ஙான் கெராக்!" என்றார், அசையாதீர்கள் என்று. மலைக்கு அடியில் சிக்கியவனின் நிலை எனக்கு அப்போது முழுவதுமாக விளங்கியது. அவனுக்காவது பாட்டு நினைவிருந்தது, பாடித் தப்பித்தான். அதே நேரத்தில் எஃகுத் தட்டில் மெத்தென்று ஏதோ விழும் ஓசை கேட்டது. போயிற்று, என்று நினைத்தேன். மூன்றாம் அடியும் அந்தத் தட்டில்தான் கிடக்கிறது. லேப்பில் அவர்கள் அதையும் வெட்டிப் பார்ப்பார்கள்.

"ஏன் அங்கிள் நிறுத்திட்டீங்க? வலிக்குதா?"

நான் பதில் சொல்வதற்குள் திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. குடை எடுத்துக்கிட்டீங்களா, சாவி மேசைமேல இருக்கு என்று நாற்பத்து நான்கு ஆண்டுகளாக எனக்குச் சொல்லிவரும் அதே குரல், அதே தொனி.

"விரல்னு ஆரம்பிக்கும்."

ஆரம்பித்தது. மூன்றாம் அடியும் நான்காம் அடியும், ஒன்பதும் பத்தும் பதினொன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. கடைசிப் பாட்டு முடியும்போது இரண்டாம் தையலும் முடிந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "உனக்கு இந்தப் பதிகம் தெரியுமா?"

"பாட எல்லாம் தெரியாது. நீங்க கூடத்துல பாடுறீங்க, எனக்குச் சமையல்கட்டுல கேக்குது. காதை அடைச்சிக்கிட்டா வெங்காயம் வெட்டுறது?"

"எட்டாம் பாட்டில் எனக்கு நிற்கிறது என்று..."

"அது தெரியாதா? எட்டாவதுல நிப்பீங்க. அந்த இன்னொரு பதிகத்துல அஞ்சாவது. வெள்ளிக்கிழமை காலையில பாடுறதுல கடைசிப் பாட்டு." சாலையைப் பார்த்தபடி தொடர்ந்தார். "நீங்க நிக்கிற நேரம் பார்த்துத்தான் நான் குக்கர் அடுப்ப அடைக்கிறது."

பத்து நாளில் லேப்பிலிருந்து முடிவு வந்தது. கெட்டது ஒன்றுமில்லை, வெறும் உரசலால் வந்த கறுப்பு என்றார் டாக்டர். என் மனைவி அந்தத் தாளை வாங்கி இரண்டுமுறை படித்தார். மூன்றாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று இரவு அவர் தலையணை உறையைப் பார்க்கவில்லை.

தைக் கடைசியில் சாந்தி நடந்தது. மூன்று மாலைகளும் கழுத்தில் விழுந்தன. தழும்பின்மேல் ஒன்றும் மாட்டவில்லை. சந்நிதியில் நான் பாடத் தொடங்கினேன். என் மனைவி வலப்பக்கத்தில் பட்டும் மாலையுமாக உட்கார்ந்து, பின்னால் இருந்த தம் தங்கையிடம் உளுந்துவடை எல்லாருக்கும் வருமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எட்டாம் பாட்டு வந்தது. இரண்டு அடி முடிந்தது. என் இடக்கை பழைய பாதையில் ஏறிக் கழுத்தைத் தடவியது. வழவழவென்று ஒரு தழும்பு, வேறொன்றுமில்லை. தாளம் நின்றது. நான் மெல்ல வலப்பக்கம் திரும்பினேன்.

"பத்தலன்னா பாயசத்த ரெண்டு கரண்டியா ஊத்தச் சொல்லு... விரல்... ஆனா பெரியவங்களுக்கு மொதல்ல வச்சிடணும்" என்றார் அவர், தங்கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பாட்டு ஓடியது. தாளம் ஒரு கணம் பிந்தித் தொடர்ந்தது. பிறகு நண்பர் என் காதருகே குனிந்து, "அண்ணே, சுவிட்ச இடம் மாத்தி வச்சிட்டாங்க போல. மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

மீதமிருந்த ஏழு மருக்களைப் பற்றித் தையல் பிரித்த அன்றே டாக்டர் கேட்டிருந்தார். அவசரமில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எப்போது என்று சொல்லுங்கள் என்றார். சாந்தி முடிந்த மறுவாரம் நானே தொலைபேசியில் அழைத்தேன். தாதி சொன்ன முதல் நாளையே ஏற்றுக்கொண்டேன். பழக்கத்தால் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தது அதற்குப் பிறகுதான். செவ்வாய், மாலை மூன்றேகால்; சரியாக இராகு காலம். மூடி வைத்தேன். திரைக்கு அப்பால் ஒரு நாற்காலி போடச் சொல்ல மட்டும் மறக்கவில்லை.